ஈயச் சன்னமும் இளமருந்தும்

மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறியும் மீனவரின் தோளிலே கிடக்கும் பாரத்திற் பெரும்பங்கு நூலின் பாரமன்று, ஈயத்தின் பாரமாகும். வலையின் விளிம்பிலே கோக்கப்பட்ட ஈயமணிகளே அதனை வட்டமாக விரித்து நீரடிக்கு இழுத்துச் செல்கின்றன. ஈயம் குறைந்தால் வலை தாழாது, மீன் தப்பிவிடும். ஈயம் மிகுந்தால் எறிபவர் கை சோரும். வலையும் விரியாது விழும். எத்துணை ஈயம் வேண்டும் என்பதை ஏட்டிலே பார்த்து எவரும் அறிந்ததில்லை. வலையும் கையும் நீரின் ஆழமும் சேர்ந்து அந்த அளவைக் கற்பித்தன.

வலைக்கு மணியான அதே ஈயம் துவக்குக்குச் சன்னமாகவும் ஆயிற்று. ஏறத்தாழ 327 பாகை வெப்பத்தில் ஈயம் உருகிவிடும். ஆதலின் அடுப்புத் தீயே அதற்குப் போதும். இரும்பைப் போலக் கொல்லுலையையும் துருத்தியையும் அது வேண்டுவதில்லை. மென்மையானது, பாரமானது, அச்சிலே வார்த்தவுடன் வடிவு கொள்வது என்னும் இக்குணங்களால் துவக்குத் தோன்றிய காலந் தொட்டே ஈயம் அதன் இணைபிரியாத் துணையாயிற்று. ஆயினும் வலைக்கு எழுந்த வினா துவக்குக்கும் எழுந்தது. எவ்வளவு ஈயத்தை எவ்வளவு மருந்தால் எய்வது தகும்? இவ்வொரு வினாவுக்கு மனிதர் நானூறு ஆண்டுகளாகத் தேடிய விடையே இங்குக் கூறப்படும் வரலாறு.

துவக்கு என்னும் சொல்லே அது வந்த வழியைக் காட்டும். துருக்கியரின் ‘துஃபெக்’, பாரசீகரின் ‘துஃபங்’ என்பவற்றோடு உறவுடைய சொல் அது. தமிழகத்தார் துப்பாக்கி என்பர். ஈழத்தார் துவக்கு என்பர். சிங்கள மக்கள் துவக்குவ என்பர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தபின், இத்தீவின் போர்களில் துவக்கொலி கேட்கத் தொடங்கியது. இங்குள்ள கைவினைஞர் அவ்வித்தையை விரைவிலே கற்றுக்கொண்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் கீழைத்தேசங்களைப் பற்றி எழுதிய ஒல்லாந்தராகிய லின்சோட்டன், இலங்கையிலே செய்யப்பட்ட துவக்குக் குழல்களின் அழகை வியந்து பாராட்டியுள்ளார். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் இத்தீவிலேயே கிடைத்தது. மலைநாட்டுக் குகைகளின் மண்ணைக் கரைத்துக் காய்ச்சி மக்கள் வெடியுப்பு எடுத்த முறையை, 1821இல் வெளிவந்த தம் நூலிலே டாக்டர் ஜோன் டேவி விரிவாக எழுதியிருக்கிறார்.

மட்டக்களப்பு இவ்வரலாற்றுக்குப் புறம்பாக நின்றதன்று. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்துக் கடற்படைத் தலைவன் ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காண வந்தபோது முதலில் இறங்கியது இந்தக் கரையிலேதான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர். பத்தாண்டு கழித்து, 1638ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஒல்லாந்தரும் இரண்டாம் இராசசிங்கனும் சேர்ந்து அதைப் பிடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் மாறினும் வாவியின் இருமருங்கும் வாழ்ந்த குடியானவரின் கவலை மாறவில்லை. கடலை அடுத்த எழுவான்கரையிலே தென்னையும் குடியிருப்பும். மேற்கே படுவான்கரையிலே வயலும் சேனையும், அவற்றுக்கு அப்பாற் காடும். கதிர் முற்றும் காலத்திலே காட்டுப் பன்றி ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பை உழுது போட்டுவிடும். யானை வந்தாலோ பரணும் மிஞ்சாது. பந்தமும் பறையும் கூக்குரலும் போதாத இரவுகளில் துவக்கும் காவலுக்கு வந்தது.

அந்தத் துவக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது. முதலில் அளந்த மருந்தைக் குழலுக்குள் இடுவர், அதன்மேல் தேங்காய்த் தும்பைத் திணித்துக் கோலால் இடிப்பர், பின் ஈயம், அது விழாதிருக்க மீண்டும் தும்பு. இத்துவக்கிலே தோட்டா என்பது கடையில் வாங்கும் பொருளன்று. ஒவ்வொரு வெடியையும் அதைச் சுடுபவனே தன் கையால் ஆக்குகிறான். ஆதலால் அளவைத் தீர்மானிக்கும் உரிமையும் பொறுப்பும் அவனுடையனவே. பறவைக்குச் சிறு மருந்து, பன்றிக்கு அதனினும் கூடியது என வேறுபடுத்திக்கொள்ள அவனுக்கு வழியுண்டு. மருந்தோ காசு கொடுத்து வாங்கவேண்டியது. ஈயமோ வலைக்கும் வேண்டியது. வீணாக்குவதற்கு ஏழைக் குடியானவனிடம் இரண்டுமில்லை. சிக்கனம் அவனுக்கு அறமாக வந்ததோ இல்லையோ, அவசியமாக வந்தது. அளவு மீறியவனுக்குக் கிடைத்த தண்டனையும் சிறியதன்று. கூடுதலாகக் கெட்டித்த மருந்து தோளை உடைக்கும். துருவேறிய குழலாயின் வெடித்துக் கையையும் கண்ணையும் கொண்டுபோகும்.

இதே காட்டுக்கு வேறொரு வகை வேட்டைக்காரரும் வந்தனர். 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளிக் காடுகளிலே யானை வேட்டையாடினார்; 1850களில் அதனை நூலாகவும் எழுதினார். அவருக்கென்று இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே கிப்ஸ் என்பார் செய்த றைபிளின் எடை 21 இறாத்தல். அது எய்த உருண்டை 3 அவுன்ஸ். நீள்வடிவக் குண்டாயின் 4 அவுன்ஸ். ஒருமுறை கெட்டிக்கும் மருந்தோ 16 திராம், அதாவது ஓர் அவுன்ஸ் முழுவதும். அக்காலத்தில் ஆங்கிலப் படைவீரனின் என்பீல்ட் றைபிளுக்கு இட்ட மருந்தைப்போல் அது ஆறு மடங்குக்கு மேலாகும். இத்தகைய துவக்கின் உதையைத் தாங்குவது யார்க்கும் எளிதன்று. துவக்கை அத்தனை பாரமாகச் செய்ததற்கு ஒரு காரணமே அவ்வுதையைத் தணிப்பதுதான்.

அன்றைய அரசு யானையைப் பயிரின் பகையாகக் கருதி, கொன்றவர்க்குச் சன்மானமும் அளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டதாகவும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2000 யானைகளுக்கு வழங்கப்பட்டதாகவும் எமர்சன் தெனந்து எழுதியுள்ளார். பயிரைக் காக்கப் புகுந்த ஆயுதம் தன் எல்லையை எங்கே கடந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இனி, படைத் துவக்குகளின் கதைக்கு வருவோம். என்பீல்ட் றைபிள் 1853ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்தது. அதன் குழலின் உட்புறத்திலே சுருள் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குழலைவிடச் சற்றே சிறிய மென்மையான ஈயக் குண்டு வாய்வழியே எளிதில் இறங்கும். மருந்து வெடித்ததும் அதன் அடிப்புறம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். சுழன்றுகொண்டே நேராகச் செல்லும். ஈயம் குழலில் ஒட்டாதிருக்கக் கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பு பசுவினதோ பன்றியினதோ என்னும் ஐயமே 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்கு ஒரு பொறியாயிற்று. ஈயக் குண்டு வார்த்தவர்கள் அதற்கு எதைப் பூசுவது என்பதையும் சிந்திக்கவேண்டியிருந்தது என்பது, இவ்வாறு இரத்தத்தால் எழுதப்பட்ட பாடமாயிற்று.

1871இல் ஆங்கிலப் படை மார்ட்டினி-ஹென்றி என்னும் புதிய றைபிளை ஏற்றது. தோட்டாவைப் பின்புறமாக இடும் இத்துவக்கின் குண்டு, 12 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து, தாள் சுற்றப்பட்டது; எடை 31 கிராம். மருந்து ஐந்தரைக் கிராம். தொடர்ந்து சில முறை சுட்டால் வீரனின் தோள் கன்றிவிடும். குதிரைப் படையினருக்கும் பீரங்கிப் படையினருக்கும் கொடுத்த குட்டைத் துவக்கோ இதனினும் எடை குறைந்தது. ஆகவே உதை மிகுந்தது. அதற்குப் படையினர் கண்ட தீர்வு கருதத்தக்கது. துவக்கை மாற்றவில்லை, தோட்டாவை மாற்றினர். குண்டை ஏறத்தாழ 27 கிராமாகவும், மருந்தை நாலரைக் கிராமாகவும் குறைத்து வேறொரு தோட்டா செய்தனர். ஒரே துவக்கு வகைக்கு இருவேறு அளவு என்பது இவ்வாறு அரசின் பட்டறையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேரரசின் படைக்கலச் சாலை கண்ட தீர்வும், வாய்வழி கெட்டித்த குடியானவன் கைக்கொண்ட வழியும் அடிப்படையில் ஒன்றே.

1888இல் இக்கதை திசை மாறிற்று. அவ்வாண்டு வந்த லீ-மெட்போர்டும், 1895இல் அதைத் தொடர்ந்த லீ-என்பீல்டும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 303 பங்கு விட்டமுள்ள சிறு குழல் கொண்டவை. இலங்கைப் பொலிசாரும் படையினரும் நெடுங்காலம் ஏந்திய ‘திறீ-நோட்-திறீ’ துவக்கு இதுவேயாகும். கருமருந்தின் இடத்தைப் புகையற்ற மருந்து பிடித்தது. குண்டின் வேகம் மிகவே, வெறும் ஈயம் தோற்றது. அது வரிகளைப் பற்றி நிற்காது வழுக்கியது, குழலெங்கும் படிந்தது. அதனால் ஈயத்துக்குக் கடினமான உலோக உறை போர்த்தினர். உறை போர்த்த குண்டு உடலைத் துளைத்துச் செல்லுமேயன்றி விரியாது என்று கருதி, கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையிலே நுனியில் ஈயம் தெரியும் குண்டுகளைச் செய்தனர். அவை உண்டாக்கிய கொடிய புண்களைக் கண்டு உலகம் அதிர்ந்தது. உடலில் விரியும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்தலாகாதென 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டிலே பல நாடுகள் உடன்பட்டன. 1910இல் லீ-என்பீல்டுக்கு வந்த ஏழாம் மாதிரித் தோட்டா, 11 கிராம் எடைக்குச் சற்று மிகுந்த கூர்முனைக் குண்டை விநாடிக்கு 2440 அடி வேகத்திலே செலுத்தியது.

இத்துணை வலிமை எல்லாருக்கும் எப்போதும் வேண்டியதன்று. புதிதாகப் பயில்பவன் முதல் வெடியிலேயே தோள் நொந்தால், இரண்டாம் வெடிக்குமுன் கண்ணை மூடுவான், குறி தவறும். நகருக்குள்ளே காவல் நிற்கும் வீரனுக்கோ, இரண்டு மூன்று கல் தொலைவு பாயும் குண்டு பிறர்க்கு ஆபத்தாகும். ஆதலால் அமெரிக்கப் படையினர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காவலுக்கும் உள்ளரங்கப் பயிற்சிக்குமென மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியே செய்தனர். பழைய படைத் துவக்குகளைப் போற்றி வைத்திருந்த குடிமக்களும் அவ்வழியை நாடினர். தேய்ந்த குழலையும் வயதான பூட்டையும் முழு மருந்தால் வருத்தாமல், ஈயத்தை வார்த்து மென்மையாகச் சுடுவது எவ்வாறு என்பது அவர்களின் ஆராய்ச்சியாயிற்று.

அவ்வாராய்ச்சியிற் பெயர் பெற்றவர் இருவரைக் குறிப்பிடலாம். ஒருவர், 1884இல் அமெரிக்காவில் ஐடியல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளைச் செய்து பரப்பிய ஜோன் பார்லோ. மற்றவர், குண்டின் பயணத்தைப் பல்லாண்டு சோதித்து 1909இல் நூல் வெளியிட்ட மருத்துவர் பிராங்க்ளின் மான். குண்டின் நுனியைவிட அதன் அடிப்புறமே குறியைத் தீர்மானிப்பது என்பது மான் தம் சோதனைகளால் தெளிவாக்கிய உண்மைகளுள் ஒன்று. நுனி சற்று மழுங்கினாலும் குண்டு நேரே செல்லும். அடி கோணினால் குழலை விட்டு வெளியேறும் கணத்திலே பின்னின்று வரும் வாயு ஒருபுறம் முந்திக் குண்டைச் சாய்த்துவிடும். அவ்வடியைச் சூட்டிலிருந்து காக்கச் செம்பினாலான சிறு கிண்ணம் பொருத்தும் வழக்கமும் அக்காலத்திலே தோன்றிற்று. ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் கலந்தால் அது கடினமாகும் என்பது அச்சகத்தார் நெடுங்காலமாக அறிந்தது. அச்செழுத்து வார்த்த கலவையே குண்டு வார்க்கவும் உதவிற்று.

இம்முறையின் அடிப்படையைக் கணக்கால் விளக்கலாம். குண்டு முன்னே செல்லும் உந்தம் எவ்வளவோ, துவக்குப் பின்னே வரும் உந்தமும் அவ்வளவே. ஒரே எடையுள்ள குண்டின் வேகத்தை 2440 அடியிலிருந்து 1500 அடியாகக் குறைத்தால், உந்தம் ஐந்தில் மூன்று பங்காகும். தோளிலே படும் ஆற்றலோ அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது நூற்றுக்கு நாற்பதுக்கும் கீழே இறங்கும். குண்டின் எடையையும் குறைத்தால் உதை மேலும் தணியும். வேகத்திற் சிறிது விட்டுக்கொடுத்தவன் நோவிற் பெரிதும் மீள்கிறான்.

எனினும் குறைத்தல் ஒன்றே பாதுகாப்பு என்று எண்ணியவர்கள் விபத்துக்கு ஆளானார்கள். மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலின் நடுவே நின்றுவிடும். அதை அறியாது அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். பெரிய தோட்டாக் கூட்டிலே சிறிதளவு மருந்து அடியிற் கிடக்கும்போது, மறதியால் இரண்டாம் முறை இட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. மென்மைக்கென்று செய்த தோட்டாவே இருமடங்கு கொடியதாகிவிடும். ஒரே பட்டறையிற் பிறந்த துவக்குகளும் குழல் விட்டத்திலே நூலளவு வேறுபடுவன. ஒன்றுக்குப் பொருந்திய குண்டு மற்றொன்றிலே தளரும். ஆகவே அளந்தறிந்த அளவே அளவு. ஊகித்த அளவு அளவன்று.

மட்டக்களப்பின் துவக்குக் கதை இதன்பின் வேறு முகம் கொண்டது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் துவக்கை உரிமத்துக்கு உட்படுத்தியது. 1937இல் வந்த விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு எல்லை வகுத்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால், அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பெருங்காடு நீர்த்தேக்கமாகவும் வயலாகவும் மாறிற்று. காடு சுருங்கச் சுருங்க யானைக்கும் உழவனுக்கும் இடையிலான பகை தணியவில்லை, பெருகவே செய்தது.

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இவ்வாவியின் இருகரையும் பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. காவற்பரணிலே ஏழைக்குத் துணைநின்ற துவக்கு என்னும் சொல், ஒரு தலைமுறைக்கு அச்சத்தின் பெயராயிற்று. போர் ஓய்ந்தபின்னும் கட்டுத்துவக்கு ஓயவில்லை. விலங்கு வரும் தடத்திலே நாட்டுத் துவக்கைக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்து, காலிடறினால் வெடிக்குமாறு வைப்பதே கட்டுத்துவக்கு. சட்டம் தடுத்த செயல் அது. பன்றிக்கென்று வைத்தது விறகுக்குச் சென்றவனின் முழங்காலைத் தகர்த்த செய்திகள் இத்தீவின் மருத்துவமனைகளுக்குப் புதியன அல்ல. முன்னாளிலே கெட்டித்தவன் தானே தோள் கொடுத்தான். இலக்கையும் தன் கண்ணால் கண்டான். கட்டுத்துவக்கிலோ கண்ணுமில்லை, தோளுமில்லை. அளவை உணர்த்தும் நோவு சுடுபவனை விட்டு நீங்கி, வழிப்போக்கனைச் சேர்ந்துவிட்டது.

ஈயமும் இன்று முன்போல் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதை உருக்கும்போது எழும் புகையும் தூசும் நஞ்சு. சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை மிகச் சிறு அளவு ஈயமும் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நீரடியிற் கிடக்கும் ஈயச் சன்னங்களைக் கல்லென விழுங்கும் நீர்ப்பறவைகள் மாள்வதைக் கண்டே, நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் விலக்கியது. அன்னப்பறவைகளைக் காக்க, தூண்டிற் பாரங்களுக்கு ஈயத்தை விற்பதை இங்கிலாந்து 1987இலேயே பெரிதும் தடுத்தது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியிலே நாரையும் நீர்க்காகமும் இன்றும் இரை தேடுகின்றன, வீச்சுவலைகளும் விழுகின்றன. வலைக்கு ஈயம் கோக்கும் வீட்டிலே அதை எங்கே உருக்குவது, பிள்ளைகளை எவ்வளவு தொலைவில் நிறுத்துவது, அறுந்து விழுந்த மணியை என் செய்வது என்பன இன்று கேட்கவேண்டிய கேள்விகள். துவக்குக்கு எத்துணை ஈயம் போதும் என்று அன்று கேட்ட அதே கேள்வியின் தொடர்ச்சியே இவையும். பாரமான பொருளைக் கையில் எடுப்பவன் எடுக்கும்போதே அளவையும் கேட்கவேண்டும் என்பதை, கேளாது விட்ட காலங்களின் இழப்புகள் இக்கரைக்கு நன்றாகவே கற்பித்திருக்கின்றன.